அந்த லட்சம் பேர் ஏன் ஒரே நேரத்தில் வருகிறார்கள்?

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதமும் கூடவே அனுப்பிய வரைபடமும் கிடைத்தன. கல்லூரிச் சேர்க்கைக்கு மாணவர்கள் விண்ணப்பிக்கும் இணையச் சேவையை உன் குழு கட்டுகிறது, ஒரே நேரத்தில் ஒரு லட்சம் பேர் வந்தாலும் அது தாங்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். எத்தனை சர்வர் வேண்டும், எந்த டேட்டாபேஸ் நல்லது, மைக்ரோசர்வீஸாகப் பிரிப்பதா வேண்டாமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறாய். எல்லாவற்றுக்கும் பதில் எழுதுகிறேன். அதற்கு முன் உன்னிடம் ஒரு கேள்வி. அந்த லட்சம் பேர் ஏன் ஒரே நேரத்தில் வருகிறார்கள்?

சுமை தானாக வருவதில்லை அம்மா. யாரோ ஒருவர் கடைசித் தேதியை முடிவு செய்கிறார். யாரோ ஒருவர் காலை பத்து மணிக்குத் திறக்கலாம் என்கிறார். இன்னொருவர் எந்தத் திரை முதலில், எது அடுத்தது என்று தீர்மானிக்கிறார். இந்த முடிவுகள் எடுக்கப்படும் கூட்டத்தில் பெரும்பாலும் எஞ்சினியர் இருப்பதில்லை. ஆறு மாதம் கழித்து, சேவை விழுந்து கிடக்கும்போதுதான் அவரைத் தேடுகிறார்கள். பயனரைப் புரிந்துகொள்வதை ஒரு துறையும் கிளவுடில் அளவைப் பெருக்குவதை வேறொரு துறையும் பார்த்துக்கொள்ளும் என்று நம் அலுவலகங்கள் பிரித்து வைத்திருக்கின்றன. இரண்டும் ஒரே வேலை என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் உனக்குச் சொல்ல விரும்புகிறேன்.

உனக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டிய ஒரு கதை உண்டு. 2013 அக்டோபர் 1 அன்று அமெரிக்க அரசு, மக்கள் மருத்துவக் காப்பீட்டை ஒப்பிட்டு வாங்குவதற்காக ஹெல்த்கேர் டாட் கவ் என்ற தளத்தைத் திறந்தது. 36 மாநில மக்களுக்கு அதுதான் வாசல். 50 முதல் 60 ஆயிரம் பேர் வரை ஒரே நேரத்தில் வரலாம் என்று கணக்கிட்டிருந்தார்கள். இரண்டரை லட்சம் பேர் வந்தார்கள். முதல் நாள் முடிவில் காப்பீட்டுத் திட்டம் ஒன்றைத் தேர்ந்து முடித்தவர்கள் 6 பேர். ஆறு லட்சம் என்று படித்துவிடாதே, ஆறே பேர்.

சர்வர் போதவில்லை என்று சொல்லி இந்தக் கதையை மூடிவிடலாம். அப்படி மூடினால் அதில் கற்க வேண்டியதை இழந்துவிடுவாய். அந்தத் தளத்துக்கு வந்தவர்களில் பலருக்கு அன்றே காப்பீடு வாங்கும் எண்ணம் இல்லை. 'எனக்கு மாதம் எவ்வளவு ஆகும்?' என்று பார்க்க வந்தவர்கள் அவர்கள். கணக்குத் தொடங்காமலே திட்டங்களையும் விலையையும் பார்க்கும் வசதி முதலில் வடிவமைப்பில் இருந்தது. திறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு அதைத் தள்ளிவைத்தார்கள். விளைவு: வெறுமனே எட்டிப்பார்க்க வந்தவரும் பெயர், பிறந்த தேதி, கடவுச்சொல், அடையாளச் சரிபார்ப்பு என்று எல்லாவற்றையும் கடந்தாக வேண்டும். மொத்தக் கூட்டமும் அந்தப் பதிவுப் பகுதியில் போய் மோதியது. விலைப் பட்டியல் அனைவருக்கும் பொதுவானது. ஒருமுறை தயாரித்து ஆயிரம் இடங்களில் நகல் வைத்துக் கொடுக்கலாம். புதிய கணக்கு ஒவ்வொன்றும் டேட்டாபேஸில் எழுதப்பட வேண்டும், வெளியே உள்ள இன்னொரு அமைப்பிடம் கேட்டுச் சரிபார்க்கப்பட வேண்டும். எளிதாக நகலெடுத்துத் தந்திருக்கக்கூடிய ஒன்றை, ஒவ்வொரு முறையும் எழுதியாக வேண்டிய ஒன்றாக மாற்றியது திரை வரிசை பற்றிய அந்த ஒரு முடிவு.

அதை மீட்ட கதையும் உனக்குப் பயன்படும். கூகுளிலிருந்து வந்த மைக்கி டிக்கர்சன் போன்ற சிலர் அங்கு ஏற்கெனவே இருந்த எஞ்சினியர்களோடு சேர்ந்து உட்கார்ந்தார்கள். உள்ளே எது எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று முழுமையாகக் காட்டும் கண்காணிப்பே அதுவரை இல்லை. அதை முதலில் நிறுவினார்கள். அடிக்கடி கேட்கப்படும் தகவலை டேட்டாபேஸுக்கு முன்னால் கேஷில் வைத்தார்கள். தினமும் கூடிப் பேசினார்கள். டிசம்பர் 1-க்குள் ஒரே நேரத்தில் 50 ஆயிரம் பேரைத் தாங்கும் நிலைக்கு அது வந்தது. அதற்கும் மேலே கூட்டம் சேர்ந்தால், வந்தவரிடம் மின்னஞ்சல் முகவரியை வாங்கிக்கொண்டு, 'நெரிசல் குறைந்ததும் தகவல் அனுப்புகிறோம், அப்போது வாருங்கள்' என்று சொல்லும் காத்திருப்புப் பக்கத்தை வைத்தார்கள். இந்தக் கடைசி ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். திறன் எங்கே முடிகிறது என்பதை ஒப்புக்கொண்டு, அந்த எல்லைக்கு வெளியே நிற்பவரிடம் மரியாதையாகப் பேசுகிற ஏற்பாடு அது. பின்னர் ஒரு சிறு குழு விண்ணப்பத்தையே திரும்ப எழுதியபோது 76 திரைகள் 16 ஆகக் குறைந்தன. ஒருவர் 60 திரைகளைக் கடக்காமல் போனால் அத்தனை கோரிக்கைகள் சர்வருக்கு வரவே போவதில்லை. எந்த ஆட்டோ ஸ்கேலிங்கும் தராத சேமிப்பு இது.

உன் விண்ணப்பப் படிவத்தை இந்தக் கண்ணோடு பார். மாணவருக்கு ஏற்கெனவே மதிப்பெண் பட்டியல் இருக்கிறது. பள்ளியின் பெயரையும் மதிப்பெண்களையும் அவரிடம் மீண்டும் ஏன் கேட்கிறீர்கள்? கல்லூரிகளின் பட்டியலைப் பார்ப்பதற்கு லாக்இன் எதற்கு? ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் இருந்தால் சரி. 'எப்போதும் கேட்போம்' என்பதைக் காரணமாக ஏற்காதே.

சுமையை உருவாக்குவது யாரோ எடுத்த முடிவு என்பதற்கு நம் ஊரில் சரியான எடுத்துக்காட்டு தட்கல், ரயிலின் கடைசி நேர முன்பதிவு. ரயில் புறப்படும் நாளுக்கு முந்தைய நாள் காலையில் திறக்கும். சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். முன்பு எல்லா வகுப்புக்கும் பத்து மணிதான். 2015 ஜூனில் ஏசி வகுப்புகளுக்கு 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி என்று பிரித்தார்கள். சர்வரைத் தொடாமலே உச்சச் சுமையைக் குறைக்கும் முடிவு அது. சர்வர் பக்கமும் பெரிய வேலை நடந்திருக்கிறது. 2014 ஏப்ரலில் வந்த புதிய அமைப்பு, நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்ததை 7,200 ஆக்கியது. 2025 மே 22 அன்று காலை 10 மணிக்கு ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட் பதிவானது. இவ்வளவுக்குப் பிறகும் தட்கல் கிடைக்காதவர்கள் ஏராளம். ஏனென்றால் இங்கே பற்றாக்குறை பெர்த்தில் இருக்கிறது. ஒரே பெர்த்தை இரண்டு பேருக்கு விற்க முடியாது. அந்த ஒரு பெர்த்தைக் குறிக்கும் டேட்டாபேஸ் வரியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பூட்டலாம். கிளவுடில் ஆயிரம் இயந்திரம் எடுத்தாலும் அந்தப் பூட்டுக்கு முன்னால் எல்லாம் வரிசையில்தான் நிற்கும்.

தட்கலில் இன்னொன்றையும் கவனி. திறந்த முதல் 5 நிமிடங்களில் வரும் லாக்இன் முயற்சிகளில் பாதி வரை பாட்கள் என்ற தானியங்கி நிரல்களுடையவை என்று ரயில்வே 2025-இல் சொன்னது. இரண்டரைக் கோடிப் பயனர் கணக்குகளை முடக்கினார்கள். ஜூலை 1 முதல் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு வந்தது. முதல் அரை மணி நேரம் ஏஜென்டுகளுக்குத் தடை போட்டார்கள். 'பயனர்' என்று நாம் வரைபடத்தில் போடும் அந்தச் சின்னத்தில் பாதி மனிதரே இல்லை என்று எண்ணிப் பார். அவ்வளவு சுமைக்கும் சேர்த்து சர்வர் வாங்கியிருந்தால், மதுரையிலிருந்து சென்னைக்குப் போக வேண்டிய ஒருவரிடமிருந்து இடத்தைத் தட்டிப் பறிக்கும் மென்பொருளுக்குத்தான் அந்தப் பணமும் போயிருக்கும். யாருக்காகத் திறனைப் பெருக்குகிறோம் என்று கேட்காமல் பெருக்காதே.

எல்லாச் சேவையும் தட்கல் மாதிரி இல்லை. பிளஸ் டூ தேர்வு முடிவை எடுத்துக்கொள். சுமார் 8 லட்சம் மாணவர்கள், அவர்களோடு பெற்றோர், மாமா, அத்தை, எதிர்வீட்டுக்காரர் என்று அத்தனை பேரும் ஒரே நிமிடத்தில் பார்க்கிறார்கள். கூட்டம் பயமுறுத்தும் அளவுக்குப் பெரியது. ஆனால் வேலை எளிது. முடிவு முந்தைய நாளே தீர்மானமாகிவிட்டது, இனி மாறாது. 8 லட்சம் சிறு கோப்புகளை முன்கூட்டியே தயாரித்துப் பல ஊர்களில் உள்ள சிடிஎன் சர்வர்களில் பரப்பிவிட்டால், திறக்கும் நேரத்தில் டேட்டாபேஸைத் தொடவே வேண்டாம். கோப்பின் முகவரியைப் பதிவெண்ணை வைத்து யாரும் ஊகிக்க முடியாதபடி மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். தமிழகத்தில் மாணவர் பள்ளியில் கொடுத்த கைபேசி எண்ணுக்கே மதிப்பெண்ணை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பிவிடுகிறார்கள். தளத்துக்கு வரவே தேவையில்லாமல் செய்வதும் கட்டமைப்பு வேலைதான். நீ எழுதப்போகும் ஒவ்வொரு ஏபிஐக்கும் முன்னால் இதைக் கேள்: இது முன்பே தீர்மானமான தகவலா, அல்லது இந்த நொடியில் இரண்டு பேர் ஒன்றுக்காகப் போட்டியிடுகிறார்களா? கல்லூரிகளின் பட்டியல், கட்டணம், சென்ற ஆண்டின் கட்-ஆஃப் எல்லாம் முதல் வகை. இட ஒதுக்கீடு இரண்டாவது. உன் வரைபடத்தில் இரண்டும் ஒரே டேட்டாபேஸில் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தால், உன் லட்சம் பேரில் பெரும் பகுதியினர் கடினமான பகுதிக்கு வரவே மாட்டார்கள்.

இங்கே ஆட்டோ ஸ்கேலிங் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதை நீ முழுதாக நம்பியிருப்பது உன் குறிப்புகளில் தெரிகிறது. கூட்டம் கூடுவதைக் கண்டு, புதிய இயந்திரத்தைக் கிளப்பி, அது நிரலை ஏற்றி, சூடாகி, லோட் பேலன்சரில் சேர்வதற்குச் சில நிமிடங்கள் ஆகும். பத்து மணிக் கூட்டம் பத்து மணி ஒரு விநாடிக்கே வந்துவிடும். நேரம் முன்கூட்டியே தெரிந்த கூட்டத்துக்கு 9.30-க்கே இயந்திரங்களை ஏற்றி வை. இரண்டாவதாக, அப்ளிகேஷன் சர்வரை மட்டும் பெருக்கினால் ஒவ்வொன்றும் டேட்டாபேஸுக்குப் புதிய இணைப்புகளைத் திறக்கும். கல்யாண வீட்டில் பந்தியை நான்கு மடங்காக்கிவிட்டு அடுப்பை மட்டும் ஒன்றாகவே வைத்திருப்பதற்குச் சமம் அது.

இந்தக் கணக்கை மனப்பாடமாகவே வைத்துக்கொள். ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி: உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை என்பது, விநாடிக்கு வருபவர்களை ஒருவருக்கு ஆகும் நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது. விநாடிக்கு 200 பேர், தலைக்கு அரை விநாடி என்றால் எந்த நேரத்திலும் உள்ளே 100 பேர். டேட்டாபேஸ் திணறி, தலைக்கு 5 விநாடி ஆனால் உள்ளே 1,000 பேர். கூட்டம் ஒருவர்கூடக் கூடவில்லை. ஆனால் உன் 300 டேட்டாபேஸ் இணைப்புகளும் தீர்ந்துவிட்டன. தாமதமே சுமையாகிற இடம் இது. அப்போது மனிதர் என்ன செய்வார்? பக்கம் வரவில்லை என்று ரெஃப்ரஷ் அழுத்துவார். வீட்டில் இருக்கும் இன்னொரு கைபேசியிலும் திறப்பார். அவருக்காக வந்த பழைய கோரிக்கை உள்ளே இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், அதன் பதிலை வாங்க யாரும் இல்லை. இப்போது ஒருவர் மூன்று பேராகிவிட்டார்.

இதே வேலையை மென்பொருளும் செய்யும். 2025 ஏப்ரல் 12 அன்று நாடு முழுக்க யுபிஐ தடுமாறியது. யுபிஐயை நடத்தும் என்பிசிஐ காரணத்தை ஆராய்ந்து கண்டது இது: சில வங்கிகளின் அமைப்புகள் 'அந்தப் பரிவர்த்தனை என்ன ஆயிற்று?' என்று நிலவரம் கேட்கும் கோரிக்கையைப் பழைய பரிவர்த்தனைகளுக்கும் சேர்த்துத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தன. பணம் அனுப்பும் சுமையை அல்ல, பணம் போயிற்றா என்று கேட்கும் சுமையை அமைப்பு தாங்கவில்லை. அதன்பின் ஆகஸ்ட் 1 முதல் வந்த விதிகளில் நிலவரம் கேட்பதற்கு 3 முறை, இடையில் 90 விநாடி என்றும், ஓர் ஆப்பில் இருப்புத் தொகை பார்ப்பதற்கு நாளைக்கு 50 முறை என்றும் வரம்பு வந்தது. அந்த ஆகஸ்ட் மாதமே யுபிஐ பரிவர்த்தனைகள் முதல்முறையாக 2,000 கோடியைக் கடந்தன.

இந்தச் சம்பவத்திலிருந்து உன் திரைக்கு வருவோம். விண்ணப்பக் கட்டணம் செலுத்திய மாணவருக்குச் சுழலும் வட்டத்தை மட்டும் காட்டினால் அவர் பயப்படுவார். 'உங்கள் பணம் வங்கியிலிருந்து எங்களுக்கு வந்துகொண்டிருக்கிறது. மீண்டும் செலுத்த வேண்டாம். முடிந்ததும் எஸ்எம்எஸ் வரும். இந்தப் பக்கத்தை மூடிவிடலாம்' என்று எழுதிக் காட்டு. இந்த நான்கு வாக்கியமும் சர்வர் திறனைக் கூட்டுகின்றன, அலங்காரம் என்று நினைத்துவிடாதே. அதோடு, பணம் செலுத்தும் பொத்தானுக்கு ஒரு தனி அடையாள எண்ணை மாணவரின் பிரவுசரிலேயே உருவாக்கி, கோரிக்கையோடு அனுப்பு. அதே எண் இரண்டாம் முறை வந்தால் சர்வர் புதிதாகப் பணம் எடுக்காமல் முதல் பதிலையே திருப்பித் தர வேண்டும். உன் நிரல் தோற்று மீண்டும் முயலும்போது 1 விநாடி, 2 விநாடி, 4 விநாடி என்று இடைவெளியைப் பெருக்கு. அதில் சிறிது தற்செயலான விலகலையும் சேர். இல்லையென்றால் ஒரே நேரத்தில் விழுந்த ஆயிரம் கைபேசிகளும் ஒரே நேரத்தில் எழுந்து வந்து மறுபடி உன்னைத் தள்ளிவிடும்.

அடுத்து, நான் அதிகம் பேச விரும்பும் விஷயம். எந்தத் தவறை உன் பயனர் பொறுத்துக்கொள்வார்?

2007-இல் அமேசான் எஞ்சினியர்கள் டைனமோ என்ற தங்கள் சேமிப்பு அமைப்பைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். எழுதியவர்களில் சுவாமிநாதன் சிவசுப்பிரமணியனும் வெர்னர் வோகல்ஸும் உண்டு. கட்டாயம் படி, கடினமான கட்டுரை என்று பயப்படாதே. அதன் அடித்தளத்தில் இருப்பது வாடிக்கையாளர் பற்றிய ஒரு முடிவு. வட்டு பழுதானாலும், பிணையம் அறுந்தாலும், ஒருவர் கூடையில் பொருளைப் போட்டால் அது மறுக்கப்படக் கூடாது. அதற்கு விலையாக, நகல்களுக்குள் முரண்பாடு வந்தால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்வார்கள். அப்போது வாடிக்கையாளர் நீக்கிய பொருள் மீண்டும் கூடையில் தோன்றலாம். போட்டது காணாமல் போனால் கோபம் வரும். நீக்கியது திரும்பி வந்தால் இன்னொருமுறை நீக்கிவிட்டுப் போவார். இந்த ஒரு தீர்ப்பிலிருந்துதான் அதன் நுட்பங்கள் பலவும் பிறக்கின்றன. ரயில் பெர்த்துக்கு இதே தீர்ப்பு ஆகாது. உன் சேவையில் மாணவர் நிரப்பிக்கொண்டிருக்கும் படிவத்துக்கு டைனமோவின் மனநிலை வேண்டும்: எது நடந்தாலும் அவர் தட்டியது தொலையக் கூடாது. இட ஒதுக்கீட்டுக்கு ரயிலின் மனநிலை வேண்டும்: தாமதமானாலும் இரட்டை ஒதுக்கீடு கூடாது. எந்த டேட்டாபேஸ் நல்லது என்று கேட்டாயே, அதற்குப் பதில் இங்கேதான் தொடங்குகிறது.

அதே கட்டுரை சராசரி நேரத்தை வைத்து அளக்க மறுக்கிறது. ஆயிரத்தில் 999 கோரிக்கைகளாவது குறித்த நேரத்துக்குள் முடிய வேண்டும் என்று கேட்கிறது. காரணம் அழகானது. நெடுநாளாக வாங்கிவரும் வாடிக்கையாளருக்கு வரலாறு நீளம், அதனால் அவருடைய பக்கம் மெதுவாக வரும். சராசரியில் அவர் மறைந்துபோவார். 2013-இல் கூகுளின் ஜெஃப் டீனும் லூயிஸ் பரோசோவும் இதைக் கணக்காகவே காட்டினார்கள்: ஒரு சர்வர் நூற்றில் ஒருமுறை மட்டும் ஒரு விநாடிக்கு மேல் தாமதிக்கிறது, ஒரு பக்கத்தைக் காட்ட அப்படி நூறு சர்வர்களைக் கேட்க வேண்டியிருந்தால், 63 சதவீதப் பயனர்களுக்கு ஒரு விநாடிக்கு மேல் ஆகும். மைக்ரோசர்வீஸ் பற்றிய உன் கேள்விக்கு இதுவே பாதிப் பதில். எட்டு பேர் கொண்ட குழு பதினாறு சேவைகளாகப் பிரித்துக்கொண்டால், ஒவ்வொரு கிளிக்கும் பதினாறு இடங்களில் தாமதிக்க வாய்ப்புப் பெறுகிறது. மீதிப் பதில், உங்களில் எத்தனை பேர் இரவு இரண்டு மணிக்கு எழுந்து அவற்றைப் பார்ப்பீர்கள் என்பது. ஒரே அப்ளிகேஷனாகத் தொடங்குங்கள். இட ஒதுக்கீட்டை மட்டும் தனியாக வையுங்கள்.

கிளவுட் பில் தொகை பற்றிக் கவலைப்பட்டிருந்தாய். மேலே சொன்னவற்றைச் செய்தால் பில் தானாகக் குறையும். மீதியை உன் மேலாளர் பார்த்துக்கொள்வார்.

உன் சர்வர் எங்கே இருக்கிறது என்பதையும் கேட்க மறந்துவிடாதே. ஏதோ பயிற்சிப் பாடத்தில் பார்த்த பழக்கத்தில் சிலர் இன்னமும் அமெரிக்காவின் வர்ஜீனியா பகுதியையே தேர்வு செய்கிறார்கள். சென்னையிலிருந்து அங்கே ஒரு தகவல் போய்த் திரும்பக் கால் விநாடியை ஒட்டி ஆகும். கடலடிக் கேபிளில் ஒளி ஓடும் வேகத்தை யாராலும் கூட்ட முடியாது. ஒரு பக்கம் அடுத்தடுத்து 20 முறை சர்வரைக் கேட்டால் 5 விநாடி அதிலேயே போய்விடும். அமேசானுக்கு 2016 முதல் மும்பையிலும் 2022 முதல் ஐதராபாத்திலும் கிளவுட் மையங்கள் உண்டு. மைக்ரோசாஃப்டுக்குச் சென்னையிலேயே உண்டு.

உன்னை ஓரிடத்துக்கு அனுப்ப ஆசைப்படுகிறேன். ஜூன் மாதத்தில், சேர்க்கைக்காகச் சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் கேட்டு வருபவர்களின் கூட்டம் சேரும் ஏதாவது ஒரு சேவை மையத்தில் ஒரு பகல் உட்கார். அப்படி ஒரு மையத்தில், தஞ்சாவூர்ப் பக்கம், நான் பார்த்ததைச் சொல்கிறேன். மகளுக்குச் சான்றிதழ் வாங்க வந்த ஒரு தாய், பிளாஸ்டிக் உறையில் ரேஷன் கார்டும் ஆதாரும் வைத்திருந்தார். ஆபரேட்டர் பெண் விவரங்களை வேகமாகத் தட்டினார். ஓடிபி வந்தது, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் மகனின் கைபேசிக்கு. குடும்பத்தில் முதலில் கைபேசி வாங்கியவர் அவர். எல்லாவற்றிலும் அவர் எண்தான் இருக்கிறது. தாய் தன் பட்டன் போனில் அழைத்தார். மகன் மெஷினில் இருந்தார், எடுக்கவில்லை. மூன்றாம் முறை எடுத்து எண்ணைப் படித்தார். ஆபரேட்டர் தட்டி முடிப்பதற்குள் செஷன் காலாவதி என்று வந்து லாக்இன் பக்கத்துக்குப் போய்விட்டது. தட்டிய எல்லாம் போயிற்று. பின்னால் நின்ற வரிசை பெருமூச்சு விட்டது. ஆபரேட்டர் எதுவும் சொல்லாமல் முதலிலிருந்து தட்ட ஆரம்பித்தார்.

அந்தச் செஷன் நேரத்தை யாரோ ஒரு பாதுகாப்பு விதியைப் பார்த்து எழுதியிருப்பார். தவறான விதி என்றும் சொல்ல முடியாது. ஆனால் கைபேசியும் அதன் சொந்தக்காரரும் ஒரே அறையில் இருப்பார்கள் என்று அவர் எண்ணியிருக்கிறார். அந்தத் தாய்க்காக இரண்டாம் முறை போன ஒவ்வொரு கோரிக்கையும் உன் போன்ற ஒருவரின் டேஷ்போர்டில் 'அதிகச் சுமை' என்று பதிவாகியிருக்கும். செஷன் முடிந்தாலும் தட்டியதைக் காப்பாற்றி, திரும்ப நுழைந்ததும் விட்ட இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தால் அவர் நேரமும் மிச்சம், சர்வரும் மிச்சம். அந்த ஆபரேட்டர் பெண்ணும் உன் பயனர்தான். ஒரு நாளில் ஐம்பது குடும்பங்களுக்காகத் தட்டுகிறவர் அவர். அவருக்கென்று ஒரு திரை உன் வரைபடத்தில் இல்லை; ஒரே இடத்திலிருந்து நிறையக் கோரிக்கை வருகிறது என்று உன் ரேட் லிமிட் அவரைத்தான் முதலில் தடுக்கும்.

கேஷ் பற்றியும் இதே அக்கறையோடு யோசி. 2021 மே மாதம், 18 வயதைக் கடந்த எல்லோருக்கும் தடுப்பூசி என்று திறந்த நேரத்தில், கோவின் தளத்தில் ஊசிக்கான இடங்கள் சில விநாடிகளில் தீர்ந்தன. முன்பதிவு தொடங்கிய ஏப்ரல் 28 மாலை தளம் திணறியது. ஆனாலும் அன்று ஒரு கோடிக்கும் மேலானோர் பதிவு செய்தார்கள், அது சாதாரணச் சாதனை இல்லை. பிறகு, இடம் இருக்கிறதா என்று கேட்கும் திறந்த ஏபிஐயின் சுமையைக் குறைக்க, அதில் வரும் தகவல் 30 நிமிடம் வரை பழையதாக இருக்கலாம் என்று ஆக்கினார்கள். தொழில்நுட்பப்படி நியாயமான நடவடிக்கை. ஆனால் விநாடியில் தீரும் ஒன்றைப் பற்றி அரைமணிப் பழைய தகவல் வைத்திருப்பவர் என்ன செய்வார்? கல்லூரிப் பட்டியலை ஒரு நாள் கேஷில் வை, யாருக்கும் நஷ்டமில்லை. காலியிட எண்ணிக்கையை ஒரு நிமிடம் வைத்தாலும் 'இது இத்தனை மணி நிலவரம்' என்று பக்கத்திலேயே எழுது.

கோவினுக்கு வர முடியாதவர்களும் இருந்தார்கள். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர், ஸ்மார்ட்போன் இல்லாதவர். உச்ச நீதிமன்றமே அந்த மே மாதம் இதைக் கேட்டது. ஜூன் தொடக்கத்தில் இந்திய மொழிகள் சேர்ந்தபோது முதல் பட்டியலில் தமிழ் இல்லை. தமிழகம் எதிர்ப்புச் சொன்ன பிறகு வந்தது. ஜூன் மத்தியில், முன்பதிவு இல்லாமல் நேரே மையத்துக்குப் போகலாம் என்று அரசு தெளிவுபடுத்தியது. உள்ளே வர முடியாதவரால் எந்தச் சர்வரும் சூடாவதில்லை. அவர் உன் எந்த வரைபடத்திலும் தெரிய மாட்டார். சுமை குறைவாக இருக்கிறது என்று நீ மகிழும் நாளில், எந்த மாவட்டத்திலிருந்து யாரும் வரவில்லை என்று தனியாக எண்ணிப் பார். விண்ணப்பிக்கத் தகுதி உள்ள மாணவர்களின் எண்ணிக்கை பள்ளிக் கல்வித் துறையிடம் மாவட்டவாரியாக இருக்கிறது. அதோடு உன் எண்ணை ஒப்பிடுவது ஒரு மாலை நேர வேலை.

கிளவுட் சான்றிதழ்த் தேர்வு எழுதலாமா என்று கேட்டிருக்கிறாய். எழுது. சேவைகளின் பெயர்கள் கைவசம் இருப்பது நல்லது, வேலைக்கும் உதவும். தேர்வுக்குப் படிக்கும் மாதத்தில் டைனமோ கட்டுரைக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கு.

இப்போது உடனே செய்ய வேண்டியது சுமைச் சோதனை. முகப்புப் பக்கத்தை லட்சம் முறை அழைத்துவிட்டுத் தாங்குகிறது என்று சொல்லாதீர்கள். லாக்இன், ஓடிபி, படிவம், கோப்பு ஏற்றுதல், கட்டணம் என்று ஒரு மாணவர் போகும் வழியெல்லாம் போங்கள். ஐந்தில் ஒருவர் நடுவில் ரெஃப்ரஷ் அழுத்துவதாக வையுங்கள். கட்டண கேட்வே பதில் சொல்ல 20 விநாடி எடுப்பதாக ஒரு முறை நடித்துப் பாருங்கள். சோதனை நடக்கும்போதே, உங்கள் குழுவில் ஒருவர் எட்டாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு போனில், வைஃபையை அணைத்துவிட்டு, தமிழ்த் திரையில் ஒரு விண்ணப்பத்தை முழுதாக நிரப்பட்டும். பெயரோடு முதலெழுத்து மட்டும் உள்ள மாணவராக அவர் இருக்கட்டும். 'குடும்பப் பெயர் கட்டாயம்' என்று படிவம் சொல்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும். டேட்டாபேஸ் இணைப்புகள் எந்த எண்ணில் தீர்ந்தன, நூறு பேரில் கடைசியாகப் பதில் கிடைத்தவருக்கு எத்தனை விநாடி ஆயிற்று, அந்த எட்டாயிரம் ரூபாய் போனில் எந்தத் திரையில் நின்றது என்ற மூன்றையும் எனக்கு எழுது. எத்தனை சர்வர், இட ஒதுக்கீட்டுக்கு எந்த டேட்டாபேஸ் என்பதையெல்லாம் அந்த எண்களை வைத்துக்கொண்டு பேசுவோம்.

அன்புடன்,
உன் அண்ணன்